மக்கள் தொகுதியும் ஜீன் விகிதமும்: அரிவாள் அணுச் சோகை தரும் பாடம்

1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் நீலகிரிப் பகுதியில் வாழும் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, அங்குப் பலரிடம் அரிவாள் அணுப் பண்பு இருத்தலைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதுகாறும் இப்பண்பு ஆப்பிரிக்க மக்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே பெரிதும் உரியது என்ற எண்ணம் நிலவிற்று. அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையிலும் இது காணப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகளால், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா, ஜார்க்கண்ட், கேரளத்தின் வயநாடு முதலிய பகுதிகளிலும் இப்பண்பு பரவியிருத்தல் தெளிவாயிற்று.

2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. 40 வயதிற்குட்பட்ட 7 கோடி மக்களைச் சோதித்தலும், 2047-ஆம் ஆண்டிற்குள் இந்நோய் பொதுச் சுகாதாரத்திற்கு இடராய் இராதவாறு செய்தலும் அதன் குறிக்கோள்கள். சோதிக்கப்பெற்றவர்க்கு அவர்தம் நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது.

அட்டையைப் பெறுவோர் ஊழியரை நோக்கி மூன்று கேள்விகளைக் கேட்பது இயல்பு. “உடலில் ஒரு குறையுமில்லாத எனக்கு இக்குறிப்பு எதற்கு?” என்பது முதலாவது. “எங்கள் மக்களுக்கு மட்டும் இது ஏன் வந்தது?” என்பது இரண்டாவது. “இது எப்போது ஒழியும்?” என்பது மூன்றாவது. தனி மனிதனை மட்டும் நோக்கினால் இவற்றுக்கு முழு விடை கிடைப்பதில்லை. மக்கள் தொகுதி முழுவதையும் ஒன்றாய்க் கொண்டு, அதனுள் உள்ள ஜீன்களை எண்ணிப் பார்த்தால் மூன்றிற்கும் விடை கிடைக்கும். இவ்வாறு எண்ணும் கலையே மக்கள் தொகுதி மரபியல் எனப்படுகிறது. அதன் அடிப்படைகளை இந்நோயைக் கொண்டே விளக்குவது இப்பாடத்தின் நோக்கம். இதற்கு வேண்டிய கணிதம் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலுமே.

நோயின் அடிப்படை

1910-இல் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், சோகையுற்ற இளைஞர் ஒருவரின் இரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் என்பாரும் அவருடைய துணைவர்களும் இந்நோயாளரின் ஹீமோகுளோபினே இயல்பானதினின்றும் வேறுபட்டது என்று மெய்ப்பித்தனர். சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் அவ்வேறுபாடு எங்குள்ளது என்பதையும் காட்டினார். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருத்தல் வேண்டும். நோயாளரிடம் அவ்விடத்தில் வாலின் இருக்கிறது. எஞ்சிய 145 இடங்களிலும் மாற்றமில்லை. ஆயினும் இவ்வொரு மாற்றத்தால், ஆக்ஸிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு வளைந்து விறைக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. நோயாளர் படும் கடும் வலிக்கும், சோகைக்கும், உறுப்புகளின் சேதத்திற்கும் இதுவே காரணம்.

பீட்டாச் சங்கிலியை அமைக்கும் ஜீன் ஒவ்வொருவரிடத்தும் இரண்டுண்டு. ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருவன. இயல்பான ஜீனை ஏ என்றும், மாறிய ஜீனை எஸ் என்றும் குறிப்பது வழக்கம். ஆகவே மக்களை மூவகையாகப் பிரிக்கலாம். இரண்டும் ஏ ஆயின் ஏஏ, அவர் இயல்பினர். ஒன்று ஏ, மற்றொன்று எஸ் ஆயின் ஏஎஸ். அவர் எஸ்-ஜீனைத் தாங்குபவரேயன்றி நோயாளர் அல்லர். அவரைத் தாங்குநர் எனலாம். இரண்டும் எஸ் ஆயின் எஸ்எஸ்; அவரே நோயாளர்.

தாங்குநர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் ஏஏ அமைவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஏஎஸ் அமைவதற்கு இரண்டில் ஒன்று. எஸ்எஸ் அமைவதற்கு நான்கில் ஒன்று. நான்கு பிள்ளைகள் பிறந்தால் ஒன்று நோயுற்றே தீரும் என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு கருவிலும் வாய்ப்புப் புதிதாகவே அமைகிறது. நான்கு பிள்ளைகளும் நோயின்றிப் பிறத்தல் இத்தகைய குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 32-இல் நிகழும். எனவே பிள்ளைகள் நலமாயிருப்பதைக் கொண்டு பெற்றோர் தாங்குநர் அல்லர் என்று முடிவு கட்டலாகாது.

ஜீன்களை எண்ணும் முறை

ஓர் ஊரில் 1,000 பேர் சோதிக்கப்பெற்றனர் என்றும், அவருள் 810 பேர் ஏஏ, 180 பேர் ஏஎஸ், 10 பேர் எஸ்எஸ் என்றும் கொள்க. இவை கணக்கை விளக்குதற்குக் கொண்ட எண்களே. ஒருவருக்கு இரண்டு ஜீன்களாக, ஊரில் மொத்தம் 2,000 ஜீன்கள் உள்ளன. அவற்றுள் எஸ்-ஜீன்கள் எத்தனை? தாங்குநர் 180 பேரிடம் ஆளுக்கு ஒன்றாக 180, நோயாளர் 10 பேரிடம் ஆளுக்கு இரண்டாக 20, ஆக 200. 2,000-இல் 200 என்பது பத்தில் ஒன்று, அதாவது 0.1. இதுவே அவ்வூரில் எஸ்-இன் ஜீன் விகிதம். ஏ-யின் விகிதம் 0.9. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 1 வரவேண்டும்.

இக்கணக்கிலிருந்து முதற் கேள்விக்கு விடை கிடைக்கிறது. 200 எஸ்-ஜீன்களில் நோயாளரிடம் உள்ளவை 20 மட்டுமே. எஞ்சிய 180, அதாவது பத்தில் ஒன்பது பங்கு, நலமாயிருப்போரிடம் மறைந்துள்ளது. அவர்க்கு நோய்க்குறி யாதுமில்லையாதலின், சோதனையன்றி அதனை அறிய வழியில்லை. அட்டையில் உள்ள குறிப்பு அவர்தம் உடல்நலத்தைப் பற்றியதன்று. அவர்தம் பிள்ளைகளுக்குச் செல்லக்கூடிய ஜீனைப் பற்றியது.

ஹார்டி – வைன்பெர்க் விதி

1908-இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியும் ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க்கும், ஒருவரையொருவர் அறியாது, ஒரே உண்மையை வெளியிட்டனர். மக்கள் தொகை பெரிதாயிருந்து, இந்த ஜீனைக் கருதாமல் திருமணங்கள் நிகழ்ந்து, புதிய மாற்றமோ, குடிபெயர்ச்சியோ, ஒரு வகையினர் மற்றவரினும் மிகுதியாக இறத்தலோ இல்லையாயின், ஜீன் விகிதம் தலைமுறை தோறும் மாறாது நிற்கும் என்பதே அவ்வுண்மை. மேலும், மூவகை மக்களின் எண்ணிக்கையை ஜீன் விகிதத்திலிருந்தே பெறலாம். ஏ-யின் விகிதத்தை அதனாலேயே பெருக்க, 0.9 × 0.9 = 0.81, இது ஏஏ. இரு விகிதங்களையும் பெருக்கி இரட்டிக்க, 2 × 0.9 × 0.1 = 0.18, இது ஏஎஸ். எஸ்-இன் விகிதத்தை அதனாலேயே பெருக்க, 0.1 × 0.1 = 0.01, இது எஸ்எஸ். ஆயிரம் பேருக்கு 810, 180, 10 என்று மேலே கொண்ட எண்கள் இவ்விதிக்கு இயைந்தனவே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் செய்து காட்டலாம். புளியங்கொட்டை 100 எடுத்து, அவற்றுள் 10-க்குச் சுண்ணாம்பு பூசி உலர்த்துக. எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டுக் குலுக்குக. மாணவர் ஒருவர் பாராமல் ஒரு கொட்டையை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பையிலிட்டுக் குலுக்கி, மற்றொன்றை எடுக்க வேண்டும். முதற் கொட்டை தந்தையின் ஜீன். இரண்டாவது தாயின் ஜீன். இரண்டும் சேர்ந்து ஒரு குழந்தை. இவ்வாறு 200 குழந்தைகளைப் ‘பிறப்பித்தால்’ ஏறத்தாழ 162, 36, 2 என்னும் எண்ணிக்கைகளுக்கு அண்மையில் விடை வரும். வெள்ளைக் கொட்டை குறைவாக உள்ளமையால் அது தானே மறைந்துவிடும் என்று எண்ணும் மாணவர், அது மறையாமல் நிற்பதைக் கண்கூடாகக் காண்பர்.

இவ்விதியின் பயன் யாதெனின், மாற்றம் எப்போது நிகழும் என்பதை இது எதிர்மறையாகக் கூறுகிறது. ஜீன் விகிதம் மாறிற்று எனில், மேற்கூறிய நிபந்தனைகளுள் ஏதோ ஒன்று நிறைவேறவில்லை. தலைமுறைகளினூடே ஜீன் விகிதம் மாறுதலையே மக்கள் தொகுதியின் பரிணாமம் என்கிறோம். தனி மனிதர் எவரும் பரிணாமம் அடைவதில்லை. தாம் பெற்ற இரண்டு ஜீன்களுடனேயே வாழ்ந்து மறைகின்றனர். மாறுவது தொகுதியின் கணக்கே.

எஸ்-ஜீன் ஏன் நிலைத்தது?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிகிச்சை இல்லாத காலத்தில் எஸ்எஸ் குழந்தைகளுட் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்தனர். ஒவ்வொரு மரணத்துடனும் இரண்டு எஸ்-ஜீன்கள் தொகுதியை விட்டு நீங்கின. அவ்வாறாயின் இந்த ஜீன் பல நூறு தலைமுறைகளுக்கு முன்பே அருகியிருத்தல் வேண்டுமே! இந்தியாவின் சில பழங்குடிக் குழுக்களில் தாங்குநர் தொகை நூற்றுக்கு 30-ஐயும் எட்டுவது எவ்வாறு?

இதற்குரிய விடையின் முதற் குறிப்பை 1949-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் தந்தார். தலசீமியா என்னும் வேறொரு இரத்த நோயைப் பற்றி எழுதுகையில், அதன் தாங்குநர் மலேரியாவை எதிர்க்க வல்லவராயிருத்தல் கூடும் என்று அவர் கருதினார். இவ்வறிஞர் 1957-இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். 1954-இல் அந்தோனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு, அரிவாள் அணுத் தாங்குநர்க்கு ஃபால்சிபாரம் வகை மலேரியாவின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு உண்டு என்பதைக் காட்டிற்று. மலேரியா மிகுந்த இடங்களிலேயே எஸ்-ஜீனும் மிகுந்திருந்தது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு தாங்குநரின் உடலில் எளிதில் வளைந்துவிட, மண்ணீரல் அதனை விரைவில் அகற்றுகிறது. ஒட்டுண்ணியும் அவ்வணுவில் நன்கு வளர்வதில்லை.

இதனையும் கணக்காகக் காண்க. மலேரியா கடுமையாக உள்ள ஓர் ஊரில் 1,000 குழந்தைகள் பிறக்கின்றனர்: ஏஏ 810, ஏஎஸ் 180, எஸ்எஸ் 10. எஸ்எஸ் குழந்தைகள் 10 பேரும் சோகையால் இறக்கின்றனர் என்க. ஏஏ குழந்தைகளுள் ஒன்பதில் ஒருவர், அதாவது 90 பேர், மலேரியாவால் இறக்கின்றனர் என்க. தாங்குநர் 180 பேரும் பிழைக்கின்றனர். வளர்ந்து ஆளானவர் 720 + 180 = 900 பேர். அவரிடம் உள்ள ஜீன்கள் 1,800. அவற்றுள் எஸ் 180. விகிதம் மீண்டும் 0.1! நூறு உயிர்கள் நீங்கிய பின்னும் ஜீன் விகிதம் இம்மியும் அசையவில்லை. ஒரு பக்கம் சோகை எஸ்-ஜீனை நீக்குகிறது. மறு பக்கம் மலேரியா ஏ-ஜீனை நீக்குகிறது. இரண்டும் சமமாகும் புள்ளியில் தொகுதி நிலைகொள்கிறது. இதற்குச் சமநிலைத் தேர்வு என்று பெயர்.

ஆளானவருள் ஐந்தில் ஒருவர் தாங்குநர். ஆகவே 100 திருமணங்களில் 4 திருமணங்கள் தாங்குநர் இருவர்க்கிடையே நிகழும். அவற்றில் நான்கில் ஒரு பங்குக் குழந்தைகள் எஸ்எஸ். அதாவது நூற்றுக்கு ஒன்று, ஆயிரத்திற்குப் பத்து. தொடங்கிய இடத்திற்கே கணக்கு வந்து சேர்கிறது.

இதனின்றும் பெறும் உண்மை ஊழியர்க்கு மிகவும் வேண்டியது. எஸ்-ஜீன் ஒரு குலத்தின் குறையன்று, சாபமுமன்று. மலேரியா நிறைந்த காடுகளிலும் மலையடிவாரங்களிலும் எத்தனையோ தலைமுறைகள் வாழ்ந்த மக்கள், பிழைத்திருந்தமைக்குக் கொடுத்த விலையின் சுவடே அது. ஒரு ஜீன் நல்லதா, தீயதா என்பதை அதனை மட்டும் கொண்டு கூற இயலாது. எத்தகைய சூழ்நிலையில், எத்தனை படிகளாக என்று கேட்டே கூற வேண்டும். ஒரு படி மலேரியாவிலிருந்து காக்கும். இரு படிகள் சோகையைத் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாங்குநரின் பாதுகாப்பு மலேரியா கடுமையாவதைத் தடுப்பதேயன்றி, காய்ச்சலே வராமற் செய்வதன்று. எஸ்எஸ் நோயாளர்க்கோ மலேரியா பேரிடர் விளைவிக்கும். ஆகவே இருவருக்கும் கொசுவலை இன்றியமையாதது.

மலேரியா குறைந்தால்?

1947-இல் இந்தியாவில் ஆண்டுதோறும் 7.5 கோடி மக்கள் மலேரியாவால் தாக்கப்பட்டு, 8 இலட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1960-களின் நடுவில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தது. பின்னர் நோய் மீண்டும் பெருகிக் குறைந்ததாயினும், பழைய மரண விகிதம் திரும்பவில்லை. அதாவது தராசின் ஒரு தட்டிலிருந்த பாரம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

இந்நிலையில் எஸ்-ஜீன் எத்துணை விரைவில் குறையும்? மலேரியா முற்றும் நீங்கிற்று என்றும், எஸ்எஸ் குழந்தைகளுக்குச் சிகிச்சை யாதும் இல்லை என்றும் கொள்க. 1,000 குழந்தைகளில் 10 பேர் இறக்க, ஆளானவர் 990 பேர், ஜீன்கள் 1,980, எஸ் 180. விகிதம் பதினொன்றில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 0.091. அடுத்த தலைமுறையில் நோயுற்றுப் பிறப்போர் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 8. அதற்கடுத்த தலைமுறையில் ஜீன் விகிதம் பன்னிரண்டில் ஒன்று. பின்னர்ப் பதின்மூன்றில் ஒன்று. இவ்வாறு செல்கையில், விகிதம் பாதியாவதற்கு 10 தலைமுறைகள் வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு எனின், 250 ஆண்டுகள். அதிலும் பாதியாவதற்கு மேலும் 20 தலைமுறைகள், அதாவது 500 ஆண்டுகள் வேண்டும். ஜீன் அருக அருக, அது தாங்குநரிடம் மேலும் மறைந்துகொள்வதால் குறையும் வேகமும் தளர்கிறது.

மூன்றாவது கேள்வியின் விடை இதுவே: ஜீனை ஒழிக்க இயற்கையை எதிர்பார்த்தல் வீண். அதற்காகும் நூற்றாண்டுகளில் எண்ணற்ற குழந்தைகள் துன்புற்று இறக்க நேரும். மாறாக, ஹைட்ராக்ஸியூரியா முதலிய மருந்துகளாலும், தடுப்பூசிகளாலும், குழந்தைப் பருவத்திலேயே கண்டறிந்து பேணுவதாலும் நோயாளர் நெடுநாள் வாழ இயலும். நோயாளரைக் காப்பாற்றினால் ஜீன் பெருகி மக்கள் தொகுதி கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. கணக்கு அவ்வச்சத்தை மறுக்கிறது. எஸ்எஸ் நோயாளர் அனைவரும் பிழைத்து, மற்றவரைப் போலவே மக்களைப் பெற்றாலும், எஸ்-இன் விகிதம் 0.1-ஆகவே நிற்குமன்றி உயராது. எனவே ‘ஒழிப்பு’ என்னுஞ் சொல் நோயின் துன்பத்தை ஒழித்தலையே குறிக்கும்; ஜீனையோ, அதனைத் தாங்குவோரையோ குறிப்பதன்று.

தாங்குநர் இருவர் ஒருவரையொருவர் மணவாதிருந்தால் என்ன நிகழும்? அக்குடும்பங்களில் எஸ்எஸ் குழந்தைகள் பிறப்பது நின்றுபோகும். ஆயினும் எஸ்-ஜீன் தொகுதியினின்றும் நீங்காது. தாங்குநர் வழியே மறைவாகத் தொடரும். தாங்குநர் ஒருவரை ஏஏ வகையினர் மணந்தால் நோயுற்ற குழந்தை பிறவாது. ஆதலின் தாங்குநரைத் திருமணத்திற்குத் தகுதியற்றவர் எனல் முழுத் தவறு.

விகிதத்தை மாற்றும் பிற காரணங்கள்

தேர்வைத் தவிர வேறு மூன்று காரணங்களாலும் ஜீன் விகிதம் மாறும்.

முதலாவது சடுதி மாற்றம். ஏ-ஜீன் எஸ்-ஆக மாறுவது மிக அரிதாகவே நிகழ்வது. புதிய ஜீன் தோன்றுவதற்கு இது மூலமாயினும், விகிதத்தை உயர்த்துவது இதுவன்று.

இரண்டாவது குடிபெயர்ச்சி. மக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்று மணவுறவு கொள்ளும்போது ஜீன்களும் உடன் செல்கின்றன. மலேரியா இல்லாத நாடுகளிலும் எஸ்-ஜீன் காணப்படுவதற்கு இதுவே காரணம். தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடிச் சென்றவரும் தம் ஜீன்களுடனேயே சென்றனர்.

மூன்றாவது தற்செயல் நகர்வு. மேற்கூறிய புளியங்கொட்டைப் பையிலிருந்து 10 குழந்தைகளுக்கு மட்டும், அதாவது 20 முறை, கொட்டை எடுக்குமாறு மாணவரைப் பல குழுக்களாகப் பிரித்துப் பணித்துப் பார்க்க. ஒரு குழுவிற்கு வெள்ளைக் கொட்டை நான்கு வரும். மற்றொன்றிற்கு ஒன்று வரும். நூறு குழுக்களில் ஏறத்தாழ 12-இற்கு ஒன்றுமே வாராது. சில குடும்பங்களே சென்று குடியேறிய மலைச் சிற்றூர்களிலும் இதுவே நிகழும். அண்டையில் உள்ள இரண்டு குழுக்களுள் ஒன்றில் எஸ்-ஜீன் மிகுந்தும் மற்றொன்றில் அருகியும் இருத்தற்கு, மலேரியாவின் வேற்றுமையேயன்றித் தற்செயலும் காரணமாகலாம்.

குழுக்களைக் கலந்து எண்ணலாகாது

இந்தியாவில் பெரும்பாலோர் தத்தம் குழுவினுள்ளேயே மணம் செய்துகொள்வதால், மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொள்வது பிழையாக முடியும். 500 பேர் வாழும் ஊர் இரண்டு உள்ளன. ஓர் ஊரார் மற்றோர் ஊராருடன் மணவுறவு கொள்வதில்லை. முதலூரில் எஸ்-இன் விகிதம் 0.2, இரண்டாம் ஊரில் எஸ் அறவே இல்லை. முதலூரில் ஏஏ 320, ஏஎஸ் 160, எஸ்எஸ் 20. இரண்டாம் ஊரில் 500 பேரும் ஏஏ. இரண்டையும் கலந்து எண்ணினால் சராசரி விகிதம் 0.1, அதன்படி 1,000 பேரில் நோயாளர் 10 பேர் இருத்தல் வேண்டும். உண்மையில் இருப்பவரோ 20 பேர். அவரனைவரும் ஒரே ஊரினர். சராசரியை நம்பி, இரண்டு ஊர்களுக்கும் ஐந்தைந்து பேருக்கு மருந்து அனுப்பினால், ஓரூரில் மருந்து பயனின்றிக் கிடக்கும். மற்றோரூரில் 15 நோயாளர் வெறுங்கையுடன் திரும்புவர். ஊர்வாரியாகவும் குழுவாரியாகவும் பதிவேட்டை எழுதுக என்று களப்பணியாளர்க்குச் சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

நெருங்கிய உறவில் மணத்தலும் ஏறத்தாழ இத்தகைய விளைவையே தரும். எஸ்-இன் விகிதம் 0.1 ஆயின், உறவற்றோர் மணங்களில் எஸ்எஸ் பிறப்பு ஆயிரத்திற்கு 10. அத்தை மகள், மாமன் மகள் மணங்களில் அது ஏறத்தாழ 16. அக்காள் மகளை மணத்தலில் ஏறத்தாழ 21. ஆயினும் ஜீன் விகிதம் இதனால் மாறுவதில்லை. ஜீன்கள் இணையும் முறையே மாறுகிறது. மேற்கூறிய நான்கு காரணங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் வலியுறுத்தல் நன்று.

களத்தில் கருத்தில் கொள்ள வேண்டியவை

கரைதிறன் சோதனை விரைவானது, மலிவானது. ஆயின் அது எஸ்-ஹீமோகுளோபின் உண்டா, இல்லையா என்பதை மட்டுமே காட்டும். தாங்குநரையும் நோயாளரையும் பிரித்துக் காட்டாது. ஆகவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் ஆய்வுக்கூடச் சோதனை முடியும் முன்னர், எவரையும் நோயாளர் என்றோ தாங்குநர் என்றோ எழுதிவிடலாகாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளின் இரத்தத்தில் கருநிலை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால், அவர்க்குக் கரைதிறன் சோதனை ஏற்றதன்று.

ஒருவரின் முடிவை அவருக்கும், சிறுவராயின் பெற்றோருக்கும் மட்டுமே தனிமையில் தெரிவித்தல் வேண்டும். மணமாகாத பெண்ணின் அட்டை ஊரார் கண்ணில் பட்டால், அதன் பொருளை அறியாதவர் வாயால் அவள் வாழ்வு பாழாகலாம். நோயுற்ற குழந்தை பிறந்த வீட்டில் தாயைப் பழிக்கும் வழக்கம் உண்டு. குழந்தைக்கு வந்த இரண்டு எஸ்-ஜீன்களுள் ஒன்று தந்தையுடையது, மற்றொன்று தாயுடையது என்பதை அவ்வீட்டாருக்குப் பொறுமையுடன் விளக்குவது ஊழியரின் கடமை. அதனை வேண்டுமென்றே கொடுத்தவர் எவருமிலர். அறிவுரை கூறுவதே ஊழியரின் பணி. மணம் பற்றியும் மகப்பேறு பற்றியும் முடிவு செய்வது உரியவரின் உரிமை.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு குழுவில் 400 பேரைச் சோதித்ததில் ஏஏ 256, ஏஎஸ் 128, எஸ்எஸ் 16 எனக் கண்டனர். எஸ்-இன் ஜீன் விகிதம் யாது? எண்ணிக்கை ஹார்டி – வைன்பெர்க் விதிக்கு இயைகிறதா?

2. ஒரு வட்டத்தில் 1,000 பேருள் ஏஏ 850, ஏஎஸ் 100, எஸ்எஸ் 50. விதிப்படி எதிர்பார்க்கும் எண்ணிக்கைகள் யாவை? வேறுபாட்டிற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

3. தாங்குநராகிய தம்பதியர்க்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் நலமாயுள்ளனர். நான்காவது குழந்தை கட்டாயம் நோயுறும் என்று அஞ்சுகின்றனர். அவர்க்கு எவ்வாறு விளக்குவது?

விடைகள்

1. எஸ்-ஜீன்கள் 128 + 32 = 160; மொத்தம் 800; விகிதம் 0.2. எதிர்பார்ப்பவை 256, 128, 16, முற்றும் இயைகின்றன.

2. விகிதம் 0.1, எதிர்பார்ப்பவை 810, 180, 10. மணவுறவற்ற குழுக்களைக் கலந்து எண்ணியிருக்கலாம். நெருங்கிய உறவு மணங்கள் மிகுந்திருக்கலாம். தாங்குநர் சிலரை நோயாளர் எனத் தவறாக எழுதியிருத்தலும் கூடுமாதலின், சோதனையை முதலில் சரிபார்த்தல் நலம்.

3. முன்பிறந்த மூவரின் நலம் நான்காவது கருவின் வாய்ப்பைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. முன்போலவே நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நலமாயிருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று.